மொபைல் ஹோம் பார்க் மனை வாடகையும் நகரச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில், அதாவது சொந்த வீட்டை வாடகை மனையில் நிறுத்தியிருப்பவர்களின் குடியிருப்பில், இருக்கிறோம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது, "நாங்களும் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறோம், வாடகையை ஏற்றிவிடுவார்களாமே?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. என் வீட்டுக்கு வந்த நோட்டீஸ்களைப் படித்துப் படித்தும், நகர மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டவை இவை.

மொபைல் ஹோம் என்றால் சக்கரம் வைத்த வீடுதானே? வாடகை பிடிக்கவில்லை என்றால் இழுத்துக்கொண்டு போய்விடலாமே?

பெயர்தான் அப்படி. ஒருமுறை தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது பிளம்பரோடு நானும் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனேன். நீளமான இரண்டு இரும்பு உத்திரங்கள், அவற்றைத் தாங்க வரிசையாகச் சின்னச் சின்னத் தூண்கள், நிலநடுக்கத்துக்காக இறுக்கிக் கட்டிய கம்பிகள். சக்கரத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள், துருப்பிடித்த அச்சு மட்டும் கிடக்கிறது. எங்களுடையது இரண்டு பாதியாகக் கொண்டுவந்து நடுவில் சேர்த்த வீடு. இதைப் பெயர்க்க வேண்டுமானால் தாழ்வாரத்தை இடிக்க வேண்டும், வீட்டை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு லாரி வேண்டும். எல்லாம் முடித்து எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் காலி இடம் கிடைப்பதே அபூர்வம். பழைய வீடு என்றால் எந்தப் பார்க்கும் உள்ளே விடாது.

நூற்றில் ஒரு மொபைல் ஹோம்தான் வைத்த இடத்திலிருந்து நகர்த்தப்படுகிறது என்று 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 1976 ஜூன் 15-க்குப் பிறகு மத்திய அரசின் தரவிதிப்படி தொழிற்சாலையில் கட்டியவற்றுக்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. பேச்சு வழக்கில் எல்லாமே மொபைல் ஹோம்தான்.

வீடு எனக்குச் சொந்தம் என்கிறார்கள். அப்புறம் எதற்கு வாடகை?

வீடு உங்களுடையது, மனை பார்க் முதலாளியுடையது. நம் ஊரில் கோயில் நிலத்தில் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டு, மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். இங்கே ஸ்பேஸ் ரெண்ட் என்பார்கள். நான் மனை வாடகை என்றே எழுதுகிறேன்.

அபார்ட்மென்ட்டிலும்தான் வாடகை ஏறுகிறது. மனை வாடகை உயர்வுக்கு வரம்பு வைக்க மட்டும் ஏன் தனிச் சட்டம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அபார்ட்மென்ட்டில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் சாமானைக் கட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். கஷ்டம்தான், ஆனால் கையில் இருந்த பணம் கையில் இருக்கும். மொபைல் ஹோம்காரர் ஒன்றரை லட்சம் டாலரோ மூன்று லட்சம் டாலரோ போட்டு வாங்கிய வீட்டைப் பிறர் மண்ணில் நிறுத்தியிருக்கிறார். எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

கணக்கைப் பாருங்கள். மனை வாடகை மாதம் 100 டாலர் கூடினால் வருடத்துக்கு 1,200. இந்த வீட்டை வாங்க வருகிறவர் ஆண்டுக்குப் 10 சதவீத வட்டியில் கடன் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 12,000 டாலர் கடனுக்கான வட்டி அது. ஆகவே அவர் 12,000 டாலரைக் குறைத்துத்தான் கேட்பார். முதலாளி ஒரு கடிதம் போட்டார், உங்கள் வீட்டின் மதிப்பு அவ்வளவு குறைந்துவிட்டது. மாதம் 500 ஏற்றினால் 60,000 போச்சு. அதனால் இந்த வாடகைக் கட்டுப்பாடு குடியிருப்பவருக்குக் கொடுக்கும் சலுகை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஏற்கெனவே போட்ட பணத்தைக் காப்பாற்றும் வேலி அது.

பார்க்குகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி யார் என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள்தான் அதிகம். வருமானம் ஏறாத வயதில் வாடகை மட்டும் ஏறினால் என்ன செய்வார்கள்?

வாடகையைக் கட்டுப்படுத்துவது மாநில அரசா, நகராட்சியா?

கலிபோர்னியாவில் இரண்டு அடுக்கு. மாநில அளவில் மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் 1978-லிருந்து இருக்கிறது. வாடகை ஏற்றுவதற்கு 90 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், சட்டத்தில் சொன்ன ஏழு காரணங்களில் ஒன்று இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பொதுவான உச்சவரம்பு கிடையாது. அபார்ட்மென்ட்டுகளுக்காக 2019-ல் மாநிலம் கொண்டுவந்த வாடகை வரம்பும், மனையை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பவருக்குப் பொருந்தாது.

அந்த இடைவெளியை நிரப்புவது நகரங்களும் கவுண்டிகளும்தான் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). மாநிலத்தில் சுமார் 100 உள்ளாட்சிகள் பார்க் வாடகைக்கென்று ஆர்டினன்ஸ் வைத்திருக்கின்றன. (ஆர்டினன்ஸ் என்றதும் நம் ஊர் அவசரச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே நகர மன்றம் இயற்றும் சாதாரண, நிலையான சட்டத்துக்கே அந்தப் பெயர்.) சில இடங்களில் நகர மன்றம் இயற்றியது, சில இடங்களில் மக்களே வாக்குச்சீட்டில் கொண்டுவந்தது. வடக்கே ஹம்போல்ட் கவுண்டியில் 2016-ல் அப்படித்தான் வந்தது.

சான் ஹோசேயில் எவ்வளவு ஏற்றலாம்?

12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம். நுகர்வோர் விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அதில் 75 சதவீதம். ஆனால் 3 சதவீதத்துக்குக் குறையாது, 7 சதவீதத்தைத் தாண்டாது.

மனை வாடகை 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால் அதில் முக்கால் பங்கு 4.5 சதவீதம், அதாவது 54 டாலர். விலைவாசி 2 சதவீதமே ஏறியிருந்தால் முக்கால் பங்கு 1.5 தான் வருகிறது. ஆனாலும் முதலாளி 3 சதவீதம், 36 டாலர் ஏற்றிக்கொள்ளலாம். விலைவாசி 10 சதவீதம் எகிறினால் கணக்குப்படி 7.5 வரும், 7-ல் நிறுத்திவிடுவார்கள், 84 டாலர். கீழ்வரம்பு 3 என்று வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. விலைவாசி படுத்துக் கிடந்த வருடங்களிலும் வாடகை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இது எல்லா மனைக்கும் பொருந்தாது, 1979 செப்டம்பர் 7-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். ஊரில் உள்ள பார்க்குகளில் பெரும்பாலானவை பழையவை என்பதால் பெரிய சிக்கல் இல்லை. நகரத்தில் மொத்தம் கிட்டத்தட்ட 11,000 மனைகள் இருக்கின்றன. இந்த மாநிலத்தில் வேறு எந்த நகரத்திலும் இத்தனை இல்லை.

பக்கத்து ஊர்களிலும் இதேதானா?

இல்லை. ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். மவுண்டன் வியூவில் அபார்ட்மென்ட் கட்டுப்பாடு 2016-லேயே வந்துவிட்டது, ஆனால் மொபைல் ஹோம்காரர்கள் வெளியே நின்றார்கள். ஐந்து வருடம் நகர மன்றத்துக்கு நடையாய் நடந்த பிறகு 2021 செப்டம்பரில்தான் அவர்களுக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. அதே 2021-ல் பக்கத்து சன்னிவேல் வேறு வழியில் போனது. சட்டம் போடாமல், நகராட்சியை நடுவில் வைத்துப் பார்க் முதலாளிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

இன்னொரு விநோதம்: ஒரே பார்க் இரண்டு நகரங்களில் விழுந்தால்? தெற்கே ஃபுல்லர்ட்டன், அனஹைம் இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒரு பார்க் இருக்கிறது. வாடகை எகிறியபோது எந்த நகரத்திடம் போய் நிற்பது என்று குடியிருப்பவர்கள் தவித்தார்கள். கடைசியில் 2021-ல் மாநிலமே, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகரங்களில் விழும் பார்க்குகளுக்கென்று சட்டம் இயற்றியது. விலைவாசி உயர்வோடு 3 சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம், எப்படிப் போனாலும் 5-ஐத் தாண்டக் கூடாது.

முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அந்த நகரத்தின் சட்டம் உங்களுக்கு உண்டு என்று நம்பிவிடாதீர்கள். தபால் முகவரி வேறு, நகர எல்லை வேறு. எல்லைக்கு வெளியே கவுண்டி நிலத்தில் இருந்தால் கவுண்டியின் சட்டம்தான், அப்படி ஒன்று இருந்தால்.

இது பார்க் முதலாளிக்கு அநியாயம் இல்லையா? அவரும் முதல் போட்டிருக்கிறாரே?

நியாயமான கேள்வி. சாலை, சாக்கடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. அறுபதுகளில் போட்ட குழாயை மாற்றச் சின்னச் செலவு ஆகாது. அதனால்தான் முதலாளிக்கு நியாயமான வருவாய் கிடைக்க வழி இல்லாத வாடகைக் கட்டுப்பாடு செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-ல், பெர்க்லி நகர வழக்கில் சொன்னது. அன்றிலிருந்து எல்லா நகரச் சட்டத்திலும் அதற்கு ஒரு கதவு உண்டு. வருடாந்தர உயர்வு போதவில்லை என்றால் முதலாளி மனுப் போட்டுக் கூடுதலாகக் கேட்கலாம்.

பல ஊர்களில் அதற்கான கணக்கு இப்படிப் போகும். ஏதாவது ஒரு பழைய வருடத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். அந்த வருடம் பார்க்கின் வரவிலிருந்து நடைமுறைச் செலவுகளைக் கழித்தால் நிகர வருமானம் வரும். விலைவாசிக்குத் தகுந்தபடி அந்த நிகர வருமானம் இன்றைக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதைவிடக் குறைந்திருந்தால், குறைந்த தொகைக்கு வாடகை ஏற்ற அனுமதிப்பார்கள். முதலாளிக்கு நஷ்டம் வராது.

சண்டை வருவது எங்கே என்றால், பார்க்கை வாங்க எடுத்த கடனுக்கான தவணையைச் செலவில் சேர்க்கலாமா என்பதில். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கார்சன் நகரத்தில் 2006-ல் ஒரு நிறுவனம் 2.3 கோடி டாலருக்கு ஒரு பார்க்கை வாங்கியது. அதில் 1.8 கோடி கடன். வாடகை வருமானம் கடனைக் கட்டவே போதவில்லை என்று சொல்லி, ஒரு மனைக்கு மாதம் 600 டாலருக்கு மேல் உயர்வு கேட்டார்கள். நகர வாடகை வாரியம் 40 டாலருக்கும் குறைவாகத்தான் கொடுத்தது. வழக்கில் ஜூரி நிறுவனத்தின் பக்கம் நின்று சுமார் 33 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டது.

எனக்கு அந்த முடிவு சரி என்றே படுகிறது. யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பதைப் பொறுத்து வாடகை மாறும் என்றால், ஒவ்வொரு முறை பார்க் கைமாறும்போதும் குடியிருப்பவர்தான் விலையைக் கட்ட வேண்டி வரும். முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவிக்கிற காலம் இது.

இந்தச் சட்டங்கள் உச்ச நீதிமன்றத்தில் நின்றிருக்கின்றனவா?

நின்றிருக்கின்றன. சான் டியாகோவுக்கு வடக்கே எஸ்கொண்டிடோ நகரத்தில் 1988-ல் வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். மனை வாடகை 1986-ல் இருந்த அளவுக்குத் திரும்ப வேண்டும், நகர மன்றம் அனுமதிக்காமல் ஏற்றக் கூடாது. இரண்டு பார்க்குகள் வைத்திருந்த யீ தம்பதி வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாதம் இது: எங்கள் நிலத்தில் யார் இருக்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானிக்க முடியவில்லை, சந்தை வாடகையும் வாங்க முடியவில்லை, வீட்டை விற்கிறவர் அந்த வித்தியாசத்தைத் தன் விலையில் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார், ஆகவே அரசு எங்கள் நிலத்தையே பறித்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் யீ தம்பதிக்கு எதிராகவே முடிவு செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். நிலத்தை வாடகைக்கு விட முன்வந்தது முதலாளிகளேதான், அரசு யாரையும் கொண்டுவந்து குடிவைக்கவில்லை, ஆகவே இது நிலத்தைப் பறிப்பது ஆகாது என்றார். கட்டுப்பாடே மிதமிஞ்சிப் போய்விட்டதா என்ற கேள்வியை அந்த வழக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கேள்வியோடு சாந்தா பார்பரா பக்கம் கோலேட்டா நகரத்துக்கு எதிராக ஒரு வழக்கு வந்தது. அங்கே கவுண்டியின் கட்டுப்பாடு 1979-லிருந்தே இருந்தது. 2002-ல் நகரம் உருவானபோது அதையே எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டவர்கள் பார்க்கை வாங்கியது 1997-ல். கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரிந்து அதற்கேற்ற விலையில்தானே வாங்கினீர்கள் என்று கேட்டு, 2010-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு வழக்கைத் தள்ளிவிட்டது.

நான் வீட்டை விற்றால், வாங்குகிறவருக்கு அதே வாடகை தொடருமா?

ஊரைப் பொறுத்தது. சில ஊர்களில் வீடு கைமாறினாலும் வாடகை மாறாது. சில ஊர்களில் கைமாறும்போது இத்தனை சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பார்கள். சில இடங்களில் முதலாளி இஷ்டம்.

வாடகை தொடராத ஊரில் கட்டுப்பாட்டின் பாதிப் பலன் போய்விடும். நீங்கள் குடியிருக்கும்வரை நிம்மதி, ஆனால் விற்கப் போகும்போது புது வாடகையைக் கேட்டு வாங்க வந்தவர் ஓடிவிடுவார். வயதான தம்பதி முதியோர் இல்லத்துக்குப் போக அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்கள். எதிர்வாதமும் பொய் இல்லை. வாடகை தொடர்ந்தால் வீட்டின் விலை ஏறும், முதலில் இருந்தவருக்குப் பலன் கிடைக்கும், புதிதாக வருகிறவர் அதை விலையாகக் கொடுத்துவிடுவார். யீ தம்பதி சொன்னதும் அதுதான். ஆனால் அதிக விலை கொடுத்து வந்தவருக்கு அந்த வேலி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்க் ஆபீசில் பத்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

ஒரு காலத்தில் இதுதான் பெரிய பொறி. 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த மனைக்கு நகரக் கட்டுப்பாடு பொருந்தாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வீடு வாங்கும் அவசரத்தில், கடன் ஒப்புதல் வந்த சந்தோஷத்தில், பலர் படிக்காமல் போட்டுவிட்டார்கள். 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 பிப்ரவரி 13-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு இல்லை. 2025 ஜனவரி 1-லிருந்து அந்தப் பிரிவே போய்விட்டது.

ஆனாலும் 12 மாத ஒப்பந்தமோ அதற்குக் குறைவானதோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் அதைத்தான் எடுத்தேன்.

வீட்டை வாங்கி வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன். கட்டுப்பாடு உண்டா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்காவிட்டால் நகரக் கட்டுப்பாடு பொருந்தாமல் போகும். உள்வாடகைக்கு விடுவதையே பல பார்க்குகள் அனுமதிப்பதில்லை.

கூடுதல் உயர்வுக்கு மனுப் போட்டிருப்பதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. போய் என்ன பேசுவது?

கண்டிப்பாகப் போங்கள். கோபமாகப் பேசுவதைவிடக் காகிதம் கொண்டுபோவது உதவும். பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த விசாரணைக்கு ஒரு தோழிக்குத் துணையாகப் போயிருந்தேன். முதலாளி பக்கம் கணக்கர் ஒருவர் தடிமனான கோப்போடு வந்திருந்தார். செலவுப் பட்டியலில் நீச்சல் குளப் பராமரிப்பு என்று ஒரு வரி. முன்வரிசையில் எண்பது வயதைத் தொட்ட ஒரு பாட்டி, மடியில் ஒரு பழைய பட்டர் குக்கீ டப்பா. எழுந்து டப்பாவைத் திறந்து இரண்டு புகைப்படம் எடுத்து நீட்டினார். தண்ணீர் இல்லாத குளம், அடியில் காய்ந்த இலைகள், சுற்றிலும் கம்பி வேலி. பின்பக்கம் பென்சிலில் தேதி. இரண்டு படத்துக்கும் நடுவில் ஒன்றரை வருடம். விசாரணை அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, சாட்சியமாகச் சேர்க்கச் சொன்னார். முடிவு வந்தபோது அந்த வரி அடிபட்டிருந்தது.

ஆகவே வாடகை ரசீதுகளை வருட வாரியாக வையுங்கள். விளக்கு எரியவில்லை, துணி துவைக்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள் என்றால் தேதியோடு படம் எடுங்கள். சேவை குறைந்தால் அதுவும் வாடகை ஏறியதற்குச் சமம் என்று பல ஊர்ச் சட்டங்கள் எடுத்துக்கொள்ளும். முதலாளி கொடுத்த கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கில் குடியிருப்போர் சங்கம் இருந்தால் சேர்ந்து ஒரு கணக்கரை அமர்த்தலாம். மாநில அளவில் 1962-லிருந்து இயங்கும் வீட்டு உரிமையாளர் சங்கமும் இருக்கிறது.

நோட்டீஸ் முறைப்படி வரவில்லை, மிரட்டுகிறார்கள் என்பது போன்ற புகார்களுக்கு மாநில வீட்டுவசதித் துறை 2020 ஜூலையிலிருந்து ஒரு பிரிவு நடத்துகிறது. அதற்காக ஒவ்வொரு மனைக்கும் வருடம் 10 டாலர் நாம்தான் கட்டுகிறோம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாடகைத் தொகை அதிகமா குறைவா என்பதில் மட்டும் அவர்கள் தலையிட மாட்டார்கள்.

பார்க்கையே மூடிவிட்டால்?

வாடகைச் சட்டம் அங்கே நிற்காது. நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் குடியிருப்பவர்களுக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கை கொடுத்து, நகரத்தின் விசாரணையைத் தாண்டித்தான் மூட முடியும். 2020-ல் வந்த அதே திருத்தத்தின்படி, வேறு பார்க்கில் தகுந்த இடம் கிடைக்காதவருக்கு, வீடு நின்ற இடத்தில் நின்றபடி என்ன விலை போகுமோ அந்த விலையைத் தர வேண்டும்.

பாலோ ஆல்டோவில் எல் கமினோ ரியல் சாலையை ஒட்டி புவெனா விஸ்டா என்று ஒரு பார்க் இருக்கிறது. அந்த நகரத்தில் இருப்பது அது ஒன்றுதான். சுமார் 400 பேர், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். பிள்ளைகள் பாலோ ஆல்டோ பள்ளிகளில் படிக்கிறார்கள். 2012-ல் மூடுவதற்கு விண்ணப்பம் போனது. ஐந்து வருடம் இழுபறி. 2017-ல் சாந்தா கிளாரா கவுண்டி வீட்டுவசதி ஆணையம் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. பார்க் இன்றும் இருக்கிறது.

வேறு மாநிலங்களில்?

30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நகரங்கள் வாடகையைக் கட்டுப்படுத்துவதே சட்டப்படி தடை. சில மாநிலங்கள் தாங்களே வரம்பு வைத்திருக்கின்றன. நியூயார்க் 2019-லிருந்து 3 சதவீதம், காரணம் காட்டினால் 6 வரை. வாஷிங்டன் மாநிலம் 2025-ல் மொபைல் ஹோம் மனைகளுக்கு 5 சதவீத வரம்பு கொண்டுவந்தது. வேலை மாறி சியாட்டில் பக்கம் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வாங்கலாமா?

நாங்கள் வாங்கினோம், வருத்தம் இல்லை. ஆனால் வீட்டின் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் மனையைப் பற்றிக் கேளுங்கள். எந்த நகர எல்லை, அங்கே சட்டம் உண்டா, அந்த மனைக்கு அது பொருந்துமா, கைமாறும்போது வாடகை என்ன ஆகும், பார்க் எப்போது கடைசியாக விற்கப்பட்டது, கூடுதல் உயர்வுக்கு மனு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா. விற்கிறவரிடம் கடந்த மூன்று வருட வாடகை நோட்டீஸ்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கினால், நகரத்தின் வாடகைப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு பார்க்கின் பெயரையும் மனை எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். சான் ஹோசேயில் நான் கேட்டபோது இரண்டே நாளில் பதில் வந்தது.